நாமினிக்குப் பேர் தெரியவில்லை

ஸ்ரீவில்லிபுத்தூர்
3 மார்ச் 2025, திங்கள்

அன்புள்ள பூரணத்துக்கு, மாஜிதா எழுதுவது.

நலம் விசாரிப்பதைக் கடைசியில் வைத்துக்கொள்கிறேன். முதலில் செய்தி. இன்று காலை கிளை அலுவலகத்தில் கிருபாபாய் மேடம் கம்ப்யூட்டர் திரையை என் பக்கம் திருப்பிக் காட்டியது இது: காசிராஜன் அண்ணனுடைய இன்சூரன்ஸ் பணம் நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது. காரணம் என்ற கட்டத்தில் இரண்டே வரி. "நாமினிக்கு இறந்தவரின் பெயர் தெரியவில்லை. அவர் எந்த ஊர் என்பதும் தெரியவில்லை."

நாமினி நீ. இறந்தவர் உன் வீட்டுக்காரர். முப்பது வருஷம் அவருக்கு இட்லி அவித்துப் போட்டவளுக்கு அவர் யாரென்று தெரியாது என்று கம்பெனி எழுதி வைத்திருக்கிறது.

"வேற யாரோட ஃபைலோ கலந்திருச்சு மேடம்" என்றேன். மேடம் இல்லை என்றார். போன மாதம் கம்பெனியிலிருந்து உனக்குப் போன் வந்திருக்கிறது. நீ எடுத்துப் பேசியும் இருக்கிறாய். பேசியது சென்னையில் பதிவாகியிருக்கிறது, இங்கே கேட்க முடியாது. அதனால் உன்னிடமே கேட்கிறேன். என்ன நடந்தது?

அந்தப் போன் ஏன் வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பாலிசி எடுத்து மூன்று வருஷத்துக்குள் இறப்பு வந்தால் கம்பெனி விசாரிக்கும். அண்ணன் எடுத்து இரண்டு வருஷம்தான் ஆகிறது. உன்மேல் சந்தேகப்பட்டு அவர்கள் கூப்பிடவில்லை. கூப்பிட்ட பிறகுதான் சந்தேகம் வந்திருக்கிறது.

நீ என்னோடு பேசுவதில்லை என்பது மறக்கவில்லை. உன் வீட்டு நடையில் நின்று அண்ணனிடம், "நாளைக்கே ஒங்களுக்கு ஒண்ணுன்னா இவ என்ன செய்வா?" என்று கேட்டேன். நீ காப்பி டம்ளரை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டாய். பூரணம், எல்லா வீட்டிலும் நான் அதைத்தான் கேட்கிறேன். அதைக் கேட்காமல் இன்சூரன்ஸ் ஏஜெண்டாக இருக்க முடியாது. வன்னியம்பட்டியில் என் ஸ்கூட்டி சத்தம் கேட்டால் ஆம்பளைகள் மாடிக்கு ஏறிவிடுகிறார்கள். அண்ணன் ஒருவர்தான் மறுநாளே பஸ் ஏறி என் வீட்டுக்கு வந்து கையெழுத்துப் போட்டார். அது தெரிந்ததும் நீ பேச்சை அடியோடு நிறுத்தினாய். மில்லில் ஒரே ஷிப்டில், ஒரே டிபன் பாக்ஸில் தின்ற நாம்.

பேச வேண்டாம். எழுது. தறிகள்மேல் உள்ள பேங்க் கடனுக்கு இந்தப் பணத்தை விட்டால் வேறு வழியில்லை என்று உன் மகள் இந்து சொன்னாள்.

நோன்பு தொடங்கிவிட்டது. இன்று இரண்டாம் நாள். நலமா?

மாஜிதா

* * *

தெற்குத் தெரு, நம்ம ஊர்
8-3-2025

மாஜிதாவுக்குப் பரிபூரணம் எழுதிக்கொண்டது.

'அன்புள்ள' என்று போடவில்லை, கவனித்திருப்பாய்.

உன் கடிதம் நேற்றுத்தான் வந்தது. பஸ்ஸில் அரைமணி நேரத்தில் வருகிற ஊரிலிருந்து தபால் வர நாலு நாள். மதுரையைச் சுற்றிப் பார்த்துவிட்டு வருகிறது போலிருக்கிறது.

நடந்ததைக் கேள். நாலு தறியும் ஓடிக்கொண்டிருந்தது. பேண்டேஜ் துணி ஆர்டர், அவசரம். போன் வந்தது. லோன் வேணுமா என்று கேட்கிறவன் என்று நினைத்து இரண்டு தடவை கட் பண்ணினேன். மூன்றாவது தடவை எடுத்தேன். சதீஷ் என்று ஒரு பிள்ளை. சென்னைப் பேச்சு, ஆனாலும் பணிவு.

"அம்மா, பாலிசிதாரர் பேர் சொல்லுங்க" என்றான்.

"ஒங்ககிட்டதான் எழுதியிருக்கும்லா தம்பி."

"இருக்கும்மா. உங்க வாயால சொல்லணும்."

நான் எப்படியேட்டி சொல்வேன்? கழுத்தில் தாலி ஏறினதிலிருந்து அவிய பேரு ஒரு நாளும் இந்த வாயில் வந்ததில்லை. ரேஷன் கடையில் இந்து சொல்வாள், ஆஸ்பத்திரியில் இந்து சொல்வாள். அவள் மதுரையில் நர்சிங் ஹாஸ்டலில் இருக்கிறாள். தறி ஓட்டுகிற ஆவுடையம்மாளைக் கூப்பிட்டேன். தறிச் சத்தத்தில் அவளுக்குக் காது கேட்கவில்லை. சரி, சொல்லாமல் சொல்வோம் என்று, "வடக்க கங்கைக் கரையில ஒரு ஊரு இருக்குல்லா, செத்தா அங்க போயி சாகணும்பாவளே, அந்த ஊரு. அதுக்கு அரசன்" என்றேன்.

"மறுபடி சொல்லுங்கம்மா" என்றான், சொன்னேன். பொறவு, "வாரணாசியாம்மா?" என்றான். என்ன புத்தியுள்ள பிள்ளை என்று நினைத்து, "ஆமாய்யா, அதேதான்" என்றேன்.

"சார் வாரணாசியா? இங்க எந்த ஊர்ல இருந்தாரு?"

இந்த ஊர்ப் பேரும் எனக்கு ஆகாது என்று உனக்குத் தெரியும். அவிய பேரில் பாதி ஊரிலும் இருக்கிறது. "ஸ்ரீவில்லிபுத்தூர்ல இருந்து தெக்க வந்தா அடுத்த பெரிய ஊரு. நாய்க்குப் பேர்போன ஊரு" என்றேன்.

"ஊருக்குப் பேர் இல்லையாம்மா?"

"பேரெல்லாம் இருக்கு. எனக்குத்தான் வராது."

"சரிங்கம்மா, நன்றி" என்று வைத்துவிட்டான். காரியம் முடிந்தது என்று இருந்தேன். இதில் எது பிசகு? எல்லாம்தான் சொன்னேன்.

இங்கே அடுத்த தெருவில் தறி வைத்திருக்கிற சங்கையா அண்ணாச்சி தினமும் சாயங்காலம் துக்கம் விசாரிக்க வருகிறார். இடுப்பில் இஞ்ச் டேப் இருக்கிறது. நேற்று, "அவரு போனது எனக்கு ஒரு கை போன மாதிரி மதினி" என்று சொல்லிக்கொண்டே மூன்றாம் தறியின் நீளத்தை அளந்தார். தறிகளைத் தனக்கு விற்பதா என்று மாதக் கடைசிக்குள் ஒரு முடிவு சொல்லச் சொல்கிறார். பேங்கும் மாதக் கடைசி என்றுதான் சொல்கிறது. நாலு தறியும் அவருக்குப் போனால் நான் இந்த வயசில் கூலிக்குத் தறி ஓட்டணும், இந்து கடைசி வருஷப் படிப்பைப் பாதியில் விடணும். நீ அன்றைக்குக் கேட்டாயே, இவ என்ன செய்வா என்று. இதுதான் செய்கிறேன்.

பரிபூரணம்

* * *

ஸ்ரீவில்லிபுத்தூர்
13 மார்ச் 2025

அன்புள்ள பூரணம்,

உன் கடிதத்தை எடுத்துக்கொண்டு நேராக அலுவலகம் போனேன். கிருபாபாய் மேடம் ஃபைலின் அடுத்த பக்கத்தைத் திறந்தார். அதில் உள்ளதை அப்படியே தருகிறேன்.

பெயர்: நாமினி சொல்லவில்லை.
சொந்த ஊர்: வாரணாசி.
தொழில்: அரசர் (நாமினி கூற்று).

அதன் கீழே, "வாரணாசியில் விசாரிக்க ஆள் அனுப்பலாமா?" என்று சென்னை கேட்டிருக்கிறது.

நான் சிரித்த சிரிப்பில் மேடம் பயந்துபோய்த் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். நோன்பு, குடிக்கவும் முடியாது. கடைசியில் விஷயத்தைச் சொன்னதும் அவரும் மேஜையில் தலையை வைத்துக்கொண்டார். கேஷ் கவுண்டரில் இருந்தவர் எழுந்து வந்து, யாராவது செத்துப்போய்விட்டார்களா என்று கேட்டார். "ஆமா, வாரணாசி அரசர்" என்றார் மேடம்.

உன்னை எனக்குத் தெரியாதா? தென்காசிக்குப் போகும்போது நீ அந்தப் பேரைச் சொல்ல மாட்டாமல் கண்டக்டரிடம், "குத்தாலத்துக்கு முந்தின ஊருக்கு ரெண்டு" என்று கேட்டு, அவன் இலஞ்சிக்கு டிக்கெட் கிழித்து, உன் நாத்தனார் கல்யாணத்துக்கு நாம் வந்த வழியே திரும்பி நடந்தோமே. காசிக்கயிறை 'கறுப்புக் கயிறு' என்பாய். கடைக்காரன் எதையோ எடுத்துக் கொடுப்பான். அப்போதெல்லாம் நஷ்டம் ஒரு டிக்கெட்டோடு முடிந்தது.

இனிமேல் செய்ய வேண்டியது. மேடம் சென்னையோடு பேசி இன்னொரு போனுக்கு ஏற்பாடு செய்துவிட்டார். 26ஆம் தேதி, புதன், காலையில் வரும். நீ சொல்ல வேண்டியது இரண்டே விஷயம். அவர் பேர், ஊர்ப் பேர். உன் வாயிலிருந்து வரவேண்டும், பக்கத்திலிருந்து யாரும் எடுத்துக் கொடுக்கக் கூடாது. இரண்டாவது தடவையும் வரவில்லை என்றால் நேரில் விசாரிக்க ஆள் வருவார். அது முடிய இன்னும் மூன்று மாதமாவது ஆகும். சங்கையா அண்ணாச்சி அதுவரை டேப்பைச் சுருட்டி வைத்திருக்க மாட்டார்.

நானும் எங்கள் வீட்டுக்காரரை 'இந்தாங்க' என்றுதான் கூப்பிடுகிறேன். ஆனால் ஒரு ஆபீசர் கேட்டால் 'மதார் சாகிப்' என்று பளிச்சென்று சொல்லிவிடுவேன். புருஷன் பேரைச் சொன்னால் அவர் ஆயுசு குறையும் என்பார்கள், அதுதானே? கோபப்படாதே பூரணம். இனிக் குறைய என்ன இருக்கிறது?

மாஜிதா

* * *

நம்ம ஊர்
18-3-2025

மாஜிதாவுக்கு,

கடைசியில் ஒரு வரி எழுதியிருந்தாயே, அதைப் படித்ததும் கடிதத்தைத் தறிக்கு அடியில் எறிந்தேன். பொறவு எண்ணெய்க் கறையோடு எடுத்து மறுபடியும் படித்தேன். வரி மாறவில்லை.

நீ சொன்ன மாதிரி எனக்கு முடியாது. வேறு வழி யோசித்தேன். அந்த மேடம் பேரைச் சொல்லட்டும், நான் 'ஆமா' என்கிறேன். ஆகாது என்பார்கள், தெரியும். இந்து போனில் பதிந்து அனுப்பட்டும், அதைப் போட்டுக் காட்டுகிறேன் என்று பார்த்தேன். அவள் அங்கேயிருந்து, "கள்ளக் கேஸ்ல உள்ள போயிருவம்மா" என்கிறாள்.

ஆவுடையம்மாள் ஒரு யோசனை சொன்னாள். "மதினி, நான் ஒங்க குரல்ல பேசுதேன், அவனுக்கு எப்படித் தெரியும்?" நல்லதுதானே என்று பேசிக் காட்டச் சொன்னேன். இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, முகத்தை என்னை மாதிரி உம்மென்று ஆக்கிக்கொண்டு, "எம்புருஷன் பேரு" என்று ஆரம்பித்து அவிய பேரை முழுசாகச் சொன்னாள். எனக்கு எங்கிருந்து ஆத்திரம் வந்ததோ. "ஏட்டி, எம்புருஷன நீ எதுக்குட்டி பேர் சொல்லுதே?" என்று பிடித்துக்கொண்டேன். "நீங்கதான மதினி சொல்லச் சொன்னீய" என்று அவள் அழ, நான் அழ, இரண்டு தறி நூல் அறுந்து நின்றது. இப்போது அவளும் என்னோடு பேசுவதில்லை. இங்கே பேசுகிற ஆள் குறைந்துகொண்டே வருகிறது.

ஆயுசுக்காக இல்லை மாஜிதா. ஆயுசு போன பொறவு என்ன ஆயுசு, எனக்கும் அம்புட்டு அறிவு இருக்கிறது. அவிய இல்லை என்று ஊர் சொல்லுது. சங்கையா அண்ணாச்சி சொல்லுதார். முனிசிபாலிட்டி சர்டிபிகேட் கொடுத்துவிட்டது. நான் ஒருத்திதான் இன்னும் சொல்லவில்லை. பேரைச் சொல்லிவிட்டால் நானும் சொன்ன மாதிரி ஆகிவிடும்.

சங்கையா அண்ணாச்சி பேரெல்லாம் கேட்கவில்லை. சாவியை மட்டும்தான் கேட்கிறார். அவரிடமே கொடுத்துவிடலாம் என்று இருக்கிறேன்.

பரிபூரணம்

* * *

ஸ்ரீவில்லிபுத்தூர்
22 மார்ச் 2025

அன்புள்ள பூரணம்,

இதுவரை மேடம் சொன்னதை எழுதினேன். இது நானே கண்டது, பக்கத்தில் மதார் சாகிபும் இருந்தார். இரண்டு வருஷமாக உன்னிடம் சொல்ல வழியில்லாமல் இருந்தது.

அண்ணன் கையெழுத்துப் போட வந்த அன்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டு வந்தேன். வயது, தொழில், உடம்புக்கு ஏதாவது உண்டா, எல்லாம் சொன்னார். "நாமினி யாருண்ணே?" என்றேன்.

"எங்க வீட்ல" என்றார்.

"பேரு சொல்லுங்க."

"இந்து அம்மா."

"இந்து அம்மான்னா கம்பெனிக்கு யாருன்னு தெரியும்? ஒரு நாமினி இருக்கணும், அதுக்கு ஒரு பேரு இருக்கணும்."

"ஒனக்குத் தெரியும்லாம்மா, நீயே எழுதிக்கோ."

எனக்குத் தெரியும். எழுதியிருக்கலாம். முந்தின நாள் உன்னிடம் வாங்கிக் கட்டிக்கொண்ட கோபத்தில், "நீங்க சொன்னாத்தான் எழுதுவேன்" என்று பேனாவை மூடி வைத்தேன். மதார் சாகிபைப் பார்த்தார். அவர் கூரையைப் பார்த்தார். அண்ணன் நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு, வெளியே நிற்கிற முருங்கை மரத்திடம் சொல்கிற மாதிரி, "பரிபூரணம்" என்றார். திரும்பி, "சரியா வந்துச்சா?" என்று கேட்டார். காது இரண்டும் சிவந்திருந்தது. "கல்யாணப் பத்திரிகையில படிச்சதோட சரிம்மா" என்றார்.

டீ குடித்துவிட்டுச் செருப்பை மாட்டும்போது இன்னொரு தடவை சொல்லிப் பார்த்தார். "நல்ல பேருதான். இம்புட்டு நாளா சும்மா கெடந்துருக்கு" என்றார். "அவகிட்டச் சொல்லிராத, வருஷம் பூரா கேலி பண்ணுவா" என்றும் சொன்னார். அதனால் சொல்லக் கூடாதுதான். சொல்லிவிட்டேன்.

புதன்கிழமை காலை. சென்னை நம்பர். கட் பண்ணிவிடாதே. இதற்கு மேல் என்னிடம் சொல்ல எதுவும் இல்லை.

மாஜிதா

* * *

தெற்குத் தெரு, ராஜபாளையம்
27-3-2025

அன்புள்ள மாஜிதாவுக்கு,

நேற்று போன் வந்தது. முதல் மணியிலேயே எடுத்தேன். அதே சதீஷ்தான். மாதக் கடைசி என்பதால் சங்கையா அண்ணாச்சி காலையிலேயே வந்து இரண்டாம் தறிப் பக்கம் நின்றுகொண்டிருந்தார். நான் நாலு தறியையும் நிறுத்தச் சொன்னேன். இந்த வீட்டில் பகலில் அப்படி ஒரு அமைதி இருந்ததில்லை. ஆவுடையம்மாள் கோபத்தை மறந்து என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"பாலிசிதாரர் பேர் சொல்லுங்கம்மா."

சொன்னேன். எனக்கே கேட்கவில்லை.

"சத்தமா சொல்லுங்கம்மா, பதிவாகல."

"காசிராஜன்!" என்றேன். தெருமுனை டீக்கடை வரைக்கும் கேட்டதாம். ஆவுடையம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

"ஊரும்மா?"

"ராஜபாளையம். காசிராஜன், ராஜபாளையம், தெற்குத் தெரு. காசிராஜனுக்கு நாலு தறி. காசிராஜனுக்கு ஒரே பொண்ணு, நர்சுக்குப் படிக்கா. காசிராஜனுக்குக் கத்திரிக்கா ஆகாது. காசிராஜன்..."

"அம்மா, ஒரு தடவை சொன்னா போதும்மா."

"நீ வேணும்னா வையி தம்பி, நான் சொல்லிக்கிடுதேன்" என்றேன். அவன் வைக்கவில்லை. கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தான். பொறவு, "இதுல தொழில் அரசர்னு இருக்கும்மா, அதை எடுத்துரலாமா?" என்று கேட்டான். எடுத்துவிடச் சொன்னேன். எங்க வீட்டில் மட்டும் அப்படித்தான் என்றேன்.

சங்கையா அண்ணாச்சி செருப்பைத் தேடிக்கொண்டு கிளம்பினார். "நாளைக்கு வாரேன் மதினி" என்றார். "வாங்க, காசிராஜன் தறி நல்லா ஓடுதான்னு பாத்துட்டுப் போங்க" என்றேன். இன்றைக்கு வரவில்லை.

மத்தியானம் சோறு போடும்போது தன்னால் இன்னொரு தடவை வாயில் வந்தது. அவிய இருக்கும்போது ஒரு நாள் கூப்பிட்டுப் பார்த்திருக்கலாம். எப்படித் திரும்பிப் பார்த்திருப்பாவ என்று எனக்குத் தெரியாமலே போய்விட்டது.

நல்ல பேருதான் என்று சொன்னாவளா? நிசமாகவா?

பெருநாளைக்கு வர மாட்டேன், துக்கம் கழியாத வீடு. சோறு கொடுத்துவிட்டால் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன்.

பரிபூரணம்

* * *

ஸ்ரீவில்லிபுத்தூர்
2 ஏப்ரல் 2025, புதன்

அன்புள்ள பூரணம்,

இன்று மதியம் கிருபாபாய் மேடம் போனில் சொன்னது: பணம் கொடுக்க உத்தரவாகிவிட்டது. முழுத் தொகையும், பிடித்தம் இல்லாமல். ஃபைலில் 'அரசர்' அடிக்கப்பட்டு 'விசைத்தறி உரிமையாளர்' என்று திருத்தப்பட்டிருக்கிறது. அதை அடிக்கும்போது மனசு வரவில்லை என்றார் மேடம்.

உத்தரவின் நகலை வாங்கிக்கொண்டு நானே உன் பேங்குக்குப் போனேன். அதைப் பார்த்துவிட்டு மேனேஜர் கடனுக்கு இந்த மாதப் பாதி வரை அவகாசம் கொடுத்தார். கடனைக் கட்டிய பிறகு மீதியில் இந்துவின் கடைசி வருஷப் படிப்பு முடியும். அதற்கு மேலும் கொஞ்சம் நிற்கும். அதை என்ன செய்வது என்று யார் யோசனை சொல்ல வந்தாலும், இஞ்ச் டேப் இருக்கிறதா என்று முதலில் பார்.

நிசமாகத்தான் சொன்னார். மதார் சாகிபிடம் கேட்டுக்கொள்.

பெருநாள் பிரியாணியோடு உன் வீட்டுக்கு வந்த மதார் சாகிப் திரும்பி வந்து சொன்ன தகவல்: நாலு தறியும் ஓடுகிறது, நீ இளைத்திருக்கிறாய், ஒரு வார்த்தை பேசவில்லை, தூக்குவாளி திரும்பி வரவில்லை. நேற்று உன் நம்பருக்கு அடித்துப் பார்த்தேன். இரண்டு வருஷமாக நீ என் நம்பரை ப்ளாக் பண்ணி வைத்திருந்தாய், அடித்தால் அந்தப் பக்கம் ஒரு சத்தமும் இருக்காது. நேற்று மணி போனது. நீ எடுக்கவில்லை. பரவாயில்லை, கடைசி வரைக்கும் மணி போனது.

இன்னும் ஆகவேண்டியது ஒன்று. வருஷக் கணக்கு முடிக்கிறார்கள் என்பதால் பேங்கில் வேலை தேங்கியிருக்கிறது. பணம் 8ஆம் தேதி செவ்வாய்க்கிழமை உன் கணக்கில் ஏறும் என்கிறார் மேடம். ஏறிய பிறகு, வந்து சேர்ந்ததா என்று கேட்க அதே சதீஷ் அன்று மாலைக்குள் கூப்பிடுவார். அப்போது பேர் கேட்க மாட்டார்கள். கேட்காவிட்டாலும் நீ சொல்லுவாய் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

மாஜிதா